தாய்க்கு ஒரு கோடு

மார்ச் 3
புது ஆய்வு தொடங்கியாயிற்று: பிரிவது நிற்கும்வரை ஒரு தாய் செல் எத்தனை மகள் செல்களை ஈனுகிறதோ, அதுதான் அதன் ஆயுள். மரபணு நீக்கிய ஈஸ்ட் ரகத்தில் 40 தாய் செல்கள், ஒப்பிட சாதாரண ரகத்தில் 40. எது எதுவென்று எனக்குத் தெரியாதபடி மாணவி குறியீடு போட்டிருக்கிறாள். 30 டிகிரியில் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு மொட்டு; அது பிரிந்தால் மகள். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே மெல்லிய கண்ணாடி ஊசியால் மகளை ஓரங்கட்டிவிட்டு, தாய்க்கு ஒரு கோடு. 1959-இல் மார்ட்டிமர், ஜான்ஸ்டன் என்ற ஆய்வாளர்களும் இப்படித்தான் எண்ணினார்கள். 1996-இல் ஈஸ்ட்டின் மரபுத்தொகுதி முழுவதையும் படித்து முடித்தார்கள். நான் இன்னும் கோடு போடுகிறேன்.

மார்ச் 5
சராசரி 13 மகள்கள். இரவில் தட்டு குளிர்பெட்டிக்குள். 4 டிகிரியில் பிரிவது நின்றுவிடும், நானும் தூங்கலாம். எலி வளர்ப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

மார்ச் 8
"தாய் கிழடு, மகள் மட்டும் எப்படி இளசு?" என்றாள் மாணவி. பழுதான புரதங்களைத் தாய் பெரும்பாலும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ரைபோசோம் டிஎன்ஏவிலிருந்து (புரதம் செய்யும் ரைபோசோமுக்கான மரபணுக்கள்) கழன்ற டிஎன்ஏ வட்டங்களும் அப்படித்தான். அவை சேர்ந்துதான் தாய் மூப்படைகிறது என்று 1997-இல் சின்க்ளேர், குவாரென்டே என்ற ஆய்வாளர்கள் சொன்னார்கள். 1999-இல் சர்2 மரபணு கூடுதலாக ஒன்று இருந்தால் ஆயுள் நீளும் என்று வந்தது. எனக்கு அப்போது எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது! குளுக்கோஸைக் குறைத்தால் ஆயுள் கூடுவதும் சர்2 வழியாகத்தான் என்று நம்பினேன். 2004-இல் அடி விழுந்தது: சர்2, அந்த வட்டங்கள் உருவாகத் துணைபோகும் ஃபாப்1 ஆகிய இரண்டு மரபணுக்களையும் நீக்கிய ரகத்திலும் குளுக்கோஸைக் குறைத்தால் ஆயுள் கூடியது. என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் அதோடு காலி.

மார்ச் 13
குறியீட்டைப் பிரித்தோம். சராசரி ஆயுள் சாதாரண ரகத்துக்கு 26 மகள்கள், நம்முடையதற்கு 36. மாணவி குதிக்கிறாள். இவ்வளவு நீளமா? எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மார்ச் 16
பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) பார்த்தேன். நீக்கியதாக நினைத்த மரபணு குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. மருந்து எதிர்ப்புச் சோதனையில் இது மாட்டாது. பெட்டியிலுள்ள எல்லா நீக்க ரகங்களிலும், நீக்கிய மரபணுவின் இடத்தில், மருந்தைத் தாங்கவைக்கும் அதே கான்எம்எக்ஸ் அடையாளம்தான்.

மார்ச் 17
உறைபெட்டியைக் குடைந்தேன். பக்கத்துக் குழியிலிருந்த குழாயை எடுத்திருக்கிறேன். மூடியில் மங்கிப்போன மையில் என் கையெழுத்து: ஃபாப்1 நீக்கம். அது நீண்ட நாள் வாழும் என்பது ஊரறிந்த கதை. மாணவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "குறியீடு இல்லாமலே எண்ணியிருந்தாலும் 36 வந்திருக்குமா சார்?"

சரியான குழாயிலிருந்து புதுத் தட்டில் கோடிழுத்து வைத்திருக்கிறேன்.