கையூன்றாமல் எழுந்திருக்க ஒரு வருடம்

எனக்கு 66 வயது. ஊர் பாபநாசம் பக்கம். இரண்டு வருடங்களுக்கு முன் 82 கிலோ இருந்தேன். எடையைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மருமகள் கை கொடுக்க வேண்டியிருந்தது, அதுதான் என்னை வதைத்தது. சேற்றில் நின்று நாள் முழுக்க நாற்று நட்ட கால்கள் இவை.

முழங்கால் வலிக்குப் பார்த்த டாக்டர், "எடையைக் குறைங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எப்படி என்று சொல்லவில்லை. நானாகவே ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன், பகலில் கொஞ்சம் ரசம் சாதம். மூன்று மாதத்தில் 5 கிலோ இறங்கியது. ஆனால் நிறைகுடத்தைத் தூக்க முடியவில்லை, வாசற்படி ஏறவே கால் நடுங்கியது.

கும்பகோணத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்தான் காரணத்தைப் புரியவைத்தாள். வயதான பிறகு வெறும் பட்டினியால் இளைத்தால் கொழுப்போடு தசையும் எலும்பின் பலமும் சேர்ந்து போய்விடுமாம். அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன, உடல் பருத்த 107 பேரை ஒரு வருடம் வைத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்திருக்கிறது. உணவை மட்டும் குறைத்தவர்கள், பயிற்சி மட்டும் செய்தவர்கள் எல்லாரையும்விட, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே உடல் இயக்கம் அதிகம் தேறியது.

முதல் நாளே ஒரு சோதனை. "கையை மார்பில் கட்டிக்கிட்டு, 30 விநாடியில எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவீங்கம்மா, பார்ப்போம்." எனக்கு 5 தான் வந்தது. என் வயதுப் பெண்களுக்கு 11-க்குக் கீழே போனால் விழுந்துவிடும் அபாயம் உண்டு என்றாள். அன்று ராத்திரி தூங்கவில்லை.

பிரஷர், சுகர், இதயம் எல்லாம் பார்த்த பிறகே பயிற்சி. நாற்காலியில் தலையணை போட்டு உயரமாக்கி எழுந்து உட்காருவது, பத்தாயத்தைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது. பழைய துண்டில் அரைக் கிலோ மணலைத் தைத்துக் கணுக்காலில் கட்டி, உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவது. வாரம் மூன்று நாள். மற்ற நாட்களில் வாய்க்கால் கரையில் நடை, பத்து நிமிடத்தில் ஆரம்பித்து முப்பது வரை. முதல் மூன்று வாரம் தொடை அப்படி வலித்தது. வலி அடங்கிய பிறகுதான் தலையணையை எடுத்தோம்.

சாப்பாடுதான் கஷ்டம். மூன்று கரண்டிச் சோறு ஒன்றானது. தஞ்சாவூர்க்காரிக்கு அது லேசான காரியமில்லை, அதுவும் தை மாதம் புது அரிசி வந்த நேரத்தில். ஆனால் பட்டினி கூடாது என்றாள். அதனால் ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், சுண்டல், கெட்டிப் பருப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று. கூடவே கீரையும் மோரும். காபியில் சர்க்கரையை விட்டேன்.

இப்போது 74 கிலோ. நாற்காலிக் கணக்கு 12. போன மாதம் சுவாமிமலையில் 60 படியும் ஏறினேன். முன்பெல்லாம் எல்லாருடைய செருப்புக்கும் காவலாகக் கீழே உட்கார்ந்திருப்பேன். இறங்கும்போது இடது முழங்கால் கொஞ்சம் பிடித்தது. அதைச் சொன்னதும் படி இறங்கத் தனியாக ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன்.