பறவை வேட்டைக்குப் பம்ப் துப்பாக்கி: இரண்டாவது வெடியை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

முன்பிடியை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் பம்ப் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி, எத்தனை அங்குலச் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) என்றுதான். முதலில் பார்க்க வேண்டியது, குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்பிடியை. முதல் வெடியை எந்தத் துப்பாக்கியிலும் போட்டுவிடலாம். தோளில் வைக்கும் பின்கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்காமல், முன்பிடியைக் கடைசிவரை இழுத்துத் தள்ளி, பறவை மீதிருந்த கண்ணை விடாமல் இரண்டாவது வெடி போட முடிகிறதா? அதில்தான் பம்ப் துப்பாக்கி உங்களுக்குப் பொருந்துகிறதா என்பது தெரியும்.

துப்பாக்கி சிக்கிக்கொண்டது என்று சொல்லும்போது காரணம் பெரும்பாலும் அரை இழுப்பு. முன்பிடி முழுதாகப் பின்னே வராவிட்டால் காலித் தோட்டா வெளியே விழாது, அல்லது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா வராது. அரை இழுப்புக்குப் பின்கட்டையின் நீளமும் ஒரு காரணம். விசையிலிருந்து கட்டையின் அடிவரை 14 அங்குலம் என்பது வழக்கமான அளவு. உயரம் குறைந்தவருக்கும், குளிருக்குத் தடித்த உடை போடுகிறவருக்கும் 13 அங்குலம் போதும். நீளம் கூடினால் இடது கை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும்; இழுக்கும்போது தோளிலிருந்து துப்பாக்கி விலகிவிடும்.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். திறந்து, சேம்பரும் மேகசினும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். பாதுகாப்பான திசையைப் பார்த்து நின்று, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிவிட்டுக் கண்ணைத் திறவுங்கள். குழல் முனையிலுள்ள மணி, குழலின் மேலே நீளவாக்கில் ஓடும் மேல்பட்டைக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். மேல்பட்டை நிறையத் தெரிந்தால் ரவை (தோட்டாவிலுள்ள சிறு குண்டுகள்) மேலே போகும். மணியே தெரியாமல் ரிசீவர் (துப்பாக்கியின் நடுப்பெட்டி) மறைத்தால் கீழே போகும். பிறகு போலித் தோட்டாக்களை நிரப்பி, துப்பாக்கியைத் தோளிலேயே வைத்து எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள்.

தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 1950இல் வந்த ரெமிங்டன் 870இல் அது விசைக்குப் பின்னால் குறுக்குப் பொத்தான். மாஸ்பெர்க் 500இலும் பிரவுனிங் பிபிஎஸ்ஸிலும் ரிசீவரின் மேல் பின்புறம், கட்டைவிரல் படும் இடத்தில். இடக்கைக்காரருக்குப் பின்னது வசதி. காலித் தோட்டாவைக் கீழ்வழியே தள்ளும் பிபிஎஸ், இதாக்கா 37 இரண்டும் அவர்களுக்கு இன்னும் நல்லது. முகத்துக்குக் குறுக்கே எதுவும் பறக்காது.

12 போரா 20 போரா? (போர் என்பது குழலின் உள்ளளவு; எண் குறைந்தால் குழல் பெரிது.) வாத்து போன்ற நீர்ப்பறவைக்கு 12. காடை, புறா போன்றவற்றுக்காக நாள் முழுவதும் நடக்கிறவருக்கு 20. அது பெரும்பாலும் 3 கிலோவுக்குள் இருக்கும். 3½ அங்குலச் சேம்பருக்கு ஆசைப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. பம்பில், வெடியின் வாயுவைப் பயன்படுத்தி உதையைக் குறைக்கும் கேஸ் அமைப்பு கிடையாது. பெருந்தோட்டாவின் உதையில் குழல் எகிறி, இரண்டாவது வெடி தாமதமாகும். 3 அங்குலச் சேம்பரில் 2¾ அங்குலத் தோட்டாவும் ஓடும். மாற்றிப் போடக் கூடாது. வெடிக்காத 3 அங்குலத் தோட்டா சில நேரம் 2¾ சேம்பரில் நுழைந்துவிடும். ஆனால் அதன் வாய் விரிய இடமிருக்காது, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

இரண்டு போரும் வைத்திருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் கலக்கவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சிக்கிக்கொள்ளும். பின்னால் 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான்.

குழல் 26 அல்லது 28 அங்குலம், கழற்றி மாட்டும் சோக்குடன் (ரவை பரவாமல் குழல் முனையைச் சுருக்கும் பகுதி). திறந்த நிலத்தில் 28 சீராகச் சுழலும், புதருக்குள் 26. சோக்கில் நடுத்தரச் சுருக்கமான மாடிஃபைடில் தொடங்குங்கள். அருகிலிருந்து எழும் பறவைக்கு, அதைவிடக் குறைவாகச் சுருங்கும் இம்ப்ரூவ்ட் சிலிண்டர். நீர்ப்பறவைக்கு ஈயம் தடைசெய்யப்பட்ட இடங்களில் எஃகு ரவை போடும்போது கவனம்: அது ஈயம்போல் நசுங்காது, ஏற்கனவே பரவாமல் இறுக்கமாகப் போகும். அதை மிக இறுக்கமான ஃபுல் சோக்கில் சுடாதீர்கள். பழைய குழல் வீங்கும். எஃகு எடை குறைந்தது என்பதால் ரவை அளவும் இரண்டு எண் பெரிதாக இருக்கட்டும்: ஈயத்தில் 4 என்றால் எஃகில் 2 (எண் குறைந்தால் ரவை பெரிது).

வாங்கியதும் பெரிய காகிதத்தில் 40 கெஜத்தில் சுட்டு, ரவை அடர்ந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் வரையுங்கள். மாடிஃபைடில் ஏறக்குறைய 60 சதவீத ரவை உள்ளே விழ வேண்டும். வட்டம் குறி வைத்த இடத்தை விட்டு விலகி நின்றால் முதலில் கட்டையின் பொருத்தத்தைச் சந்தேகியுங்கள்.

பழைய துப்பாக்கி என்றால் குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். உள்ளே வளையம்போல் நிழல் தெரிந்தால் அது வீங்கிய குழல்; வாங்க வேண்டாம். முன்பிடி கொஞ்சம் ஆடுவது குறையல்ல. வின்செஸ்டர் மாடல் 12, பழைய இதாக்கா 37 போன்றவற்றில் மட்டும் ஒரு விஷயம்: விசையை அழுத்திப் பிடித்தபடி முன்பிடியை முன்னே தள்ளினால் தோட்டா உடனே வெடிக்கும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டே பம்ப் செய்யுங்கள்.