கடையாக மாறும் இங்கிலாந்துக் கிராமத் தேவாலயங்கள்

இங்கிலாந்துத் திருச்சபையிடம் சுமார் 16,000 தேவாலயங்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசி பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ளவை. ஞாயிறு ஆராதனைக்குப் பத்துப் பேர் சேர்வதே அபூர்வமாகிவிட்ட கிராமங்களில் கூரையைப் பழுதுபார்க்கக்கூட சபையிடம் பணம் இருப்பதில்லை. அப்படி மூடப்படும் ஒன்றை வாங்கிக் கஃபேயோ புத்தகக் கடையோ வைக்க வருபவர்கள், வண்ணக் கண்ணாடியையும் மர உத்தரங்களையும் அண்ணாந்து பார்த்து மயங்கிவிடுகிறார்கள். செலவு இருப்பது காலுக்குக் கீழே.

முதலில் சட்டம். 1968-இல் இயற்றப்பட்ட பாஸ்டரல் மெஷர் என்ற திருச்சபைச் சட்டம் 1969 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் தேவாலயங்களை மூடுவதற்கு ஒரு ஒழுங்கான வழி பிறந்தது. இப்போது அந்த இடத்தில் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. திருமண்டலக் (பிஷப்பின் ஆளுகைப் பகுதி) குழு விசாரித்து, பிஷப் ஒப்புக்கொண்டு, திருச்சபையின் மத்திய அமைப்பான சர்ச் கமிஷனர்கள் வரைவுத் திட்டம் வெளியிடுவார்கள். அதற்கு ஆட்சேபம் சொல்ல 28 நாள். மூடிய பின் மாற்றுப் பயன்பாடு தேடுவார்கள். எதுவும் அமையாவிட்டால் மிஞ்சுவது இரண்டு வழி: ஒன்று இடிப்பு, மற்றது சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட். 350-க்கும் மேற்பட்ட தேவாலயங்களைப் பராமரிக்கும் அந்த அறக்கட்டளை, சிறப்பு மதிப்புள்ளவற்றை மட்டுமே ஏற்கும்.

வழிபாடு நடக்கும்வரை கட்டட மாற்றங்களுக்குத் திருச்சபையே தன் நீதிமன்றம் மூலம் அனுமதி தரும். மூடியதும் அந்தச் சலுகை போய்விடும். அதன் பிறகு ஒரு பெஞ்சை அகற்றுவதற்கும் உள்ளூராட்சியின் படியேற வேண்டிவரலாம். பயன்பாட்டை மாற்றத் தனி அனுமதி தேவை: கட்டடப் பயன்பாட்டுப் பிரிவுகளில் தேவாலயம் எஃப்1 வகை, கடையும் கஃபேயும் ஈ வகை. உட்கார்ந்து குடிக்கும் மதுவிடுதி (பப்) இரண்டிலும் சேராது. விற்பனைப் பத்திரத்திலும் நிபந்தனைகள் இருக்கும். என்ன தொழில் நடத்தலாம், எலும்புகளைத் தொடக் கூடாது, கல்லறைகளுக்கு உறவினர் வந்துபோக வழிவிட வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். மெதடிஸ்ட் என்ற வேறொரு சபையின் சேப்பல் (சிறு தேவாலயம்) என்றால் மதுவும் சூதாட்டமும் தடைசெய்யப்பட்டிருக்கிறதா என்பதை முன்பணம் கொடுக்குமுன் பார்த்துவிடுங்கள்.

இனித் தண்ணீர். பழைய கிராமத் தேவாலயங்கள் பலவற்றில் குழாயும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. பொதுச் சாக்கடை இல்லாத ஊரில் செப்டிக் டேங்க் வைக்க வேண்டும். கட்டட விதிப்படி டேங்க் கட்டடத்தில் ஆட்கள் புழங்கும் பகுதியிலிருந்து குறைந்தது 7 மீட்டர் தள்ளியும், கழிவுநீர் மண்ணில் இறங்கும் பரப்பு எந்தக் கட்டடத்திலிருந்தும் 15 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். தேவாலயச் சுவரிலிருந்து 15 மீட்டருக்குள் பெரும்பாலும் நாலாபுறமும் கல்லறைகள்தான், அதைத் தாண்டினால் வேறொருவர் நிலம். பக்கத்து வயல்காரர் ஒரு துண்டு நிலம் தராவிட்டால் கஃபே கனவு அங்கேயே முடிந்தது. நிலம் கிடைத்தாலும் குழாய்ப் பள்ளம் கல்லறைத் தோட்டத்தைக் கடந்தாக வேண்டும். நடுகல் இல்லாத புதைகுழிகள் அதில் நிறைய உண்டு. ஆகவே தொல்லியலாளர் ஒருவர் பக்கத்தில் நிற்கத்தான் தோண்டுவார்கள்.

உள்ளே தரை. பெஞ்சு வரிசைகளின் கீழே பெரும்பாலும் மரப்பலகை மேடை, அதன் கீழே மண். சில இடங்களில் செங்கல் நிலவறைக் கல்லறை. பலகை உளுத்திருக்கும். அதை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் விரித்து சிமென்ட் கான்கிரீட் போடுவதுதான் வழக்கமான தவறு. ஆவியாக முடியாத மண் ஈரம் பக்கவாட்டில் ஒதுங்கிச் சுவரில் ஏறும். சில குளிர்காலங்களில் சுவரின் அடிப்பூச்சு உதிரத் தொடங்கும். நுரைக்கண்ணாடிச் சரளை (கண்ணாடியை நுரைக்கவைத்துச் செய்த இலேசான சரளை) பரப்பி, அதன் மேல் 100 மி.மீ. அளவில் சுண்ணாம்புக் கான்கிரீட் போடுவதே சரி. இறுக வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்த முடியாது. வெந்நீர்க் குழாய்களையும் அதற்குள்ளேயே பதித்துவிடலாம். 60 முதல் 90 செ.மீ. தடிமனுள்ள சுவரைச் சூடாக்க, 35 முதல் 45 டிகிரி வெந்நீரைத் தொடர்ந்து ஓடவிட வேண்டும். வார இறுதியில் மட்டும் ஹீட்டரைப் போட்டால் சூடு கூரைக்குப் போகும், குளிர்ந்த சுவரில் நீர் வியர்க்கும்.

இடம் போதாமல் மாடி போடுபவர்கள் அதைச் சுவரில் பொருத்தாமல் தனி எஃகுச் சட்டகமாக நிறுத்த வேண்டும். நகரத் தேவாலயம்தான் என்றாலும் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் டொமினிக்கன் புத்தகக் கடை நல்ல முன்மாதிரி. பல அடுக்குப் புத்தக அலமாரியே அங்கே மாடியும் ஆகிறது. நாளை கழற்றினால் பழைய கட்டடம் அப்படியே நிற்கும். தீப் பாதுகாப்பு வழிகாட்டலின்படி, வெளியேறும் கதவு ஒன்றே என்றால் உள்ளே 60 பேருக்கு மேல் கூடாது, எங்கிருந்தும் கதவை 18 மீட்டருக்குள் எட்ட வேண்டும். மேசைகளின் எண்ணிக்கை, ஆகவே வருமானம், இதிலேயே முடிவாகிவிடும்.

வௌவால்களையும் கணக்கில் எடுங்கள். 1981-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றையும் உறைவிடத்தையும் காக்கிறது. அந்தியில் அவை வெளிவருவதைக் கணக்கெடுக்கும் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. அதைத் தவறவிட்டால் வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

இவ்வளவு தலைவலிக்குப் பதிலாக மூடாமலே கடை வைப்பதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. ஹெரஃபோர்ட்ஷயரின் யார்போல் கிராமத்தில் 2009-இல் ஊர்மக்களின் கடையும் தபால் நிலையமும் செயின்ட் லெனார்ட்ஸ் தேவாலயத்துக்குள் வந்தன. வழிபாடும் தொடர்ந்தது. 2006-இல் வந்த சட்டத் திருத்தம், தேவாலயத்தின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட வழி செய்கிறது. கட்டடம் முதன்மையாக வழிபாட்டு இடமாகவே நீடிக்க வேண்டும், திருமண்டல நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும்.