தாதரிலிருந்து பரேல் வரை, சித்தப்பாவோடு

பதினெட்டு ஆண்டுகள் கழித்து மும்பைக்குப் போனபோது, நான் பிறந்த வாடியா ஆஸ்பத்திரியைப் பார்க்க வேண்டும் என்றேன். "அப்படியானால் மில்லிலிருந்து நடப்போம். அந்த ஆஸ்பத்திரியே மில் காசில் எழும்பியதுதானே" என்றார் சித்தப்பா. மாட்டுங்காவில் காப்பி குடித்துவிட்டுத் தாதர் கிழக்குக்கு வந்தோம்.

அம்பேகர் சாலையில் வாடியா குடும்பத்தின் ஸ்பிரிங் மில் இருந்த வளாகத்தில் இப்போது கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. சாலைக்கு மில் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் பெயர். சித்தப்பா கோபுரத்தைப் பார்க்கவில்லை. மில் வாசல் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடியாக்கள் பரம்பரை நெசவுக்காரர்கள் அல்லர், கப்பல் கட்டியவர்கள். 1736-இல் லவ்ஜி வாடியா சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்தார். அந்தக் குடும்பம் 1817-இல் தேக்கில் கட்டிய டிரிங்கோமாலி என்ற போர்க்கப்பலை இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் இன்றும் பார்க்கலாம். 1879-இல் நவ்ரோஜி வாடியா தொடங்கியது நூலுக்குச் சாயமேற்றும் சிறிய தொழில். சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என மூன்றே நிறங்கள். கையால் முக்கி, வெயிலில் உலர்த்துவார்கள். நூற்பும் நெசவும் பிறகு சேர்ந்தன. ஆனாலும் பாம்பே டையிங் என்ற கம்பெனிப் பெயரில் அந்தச் சாயம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அம்மாவின் பீரோவில் விருந்தாளிகளுக்கென்றே மடித்து வைத்திருந்த பூப்போட்ட துவாலை நினைவுக்கு வந்தது.

1971-இல் நெவில் வாடியா கம்பெனியை விற்க முனைந்தார். மகன் நுஸ்லி அதைத் தடுத்து நிறுத்தினார். ஊழியர்களும் தங்கள் சேமிப்பைத் திரட்டிப் பங்கு வாங்கி அவர் பக்கம் நின்றார்கள். இந்தக் குடும்பத்தின் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 2023-இல் அதே கம்பெனி வொர்லி மில் நிலத்தை ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்குச் சுமார் 5,200 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம் செய்தது.

சித்தப்பா வேலை பார்த்தது வேறொரு மில்லில், பதிலித் தொழிலாளியாக. சங்கு ஊதுவதற்குள் வாசலில் போய் நிற்க வேண்டும். நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால்தான் அன்றைக்குக் கூலி. 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் பிறகு சித்தப்பாவுக்காக எந்தச் சங்கும் ஊதவில்லை. தாராவியில் இட்லி அவித்துத் தலைச்சுமையாக விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். இதைச் சொல்லும்போது அவர் நடையை வேகப்படுத்தினார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பரேலில் பிரசவ ஆஸ்பத்திரியும் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நவ்ரோஜியின் மகன்கள் கட்டியவை. 1926-இல் தகப்பனார் பெயரில் ஒன்று, 1929-இல் தாயார் ஜெர்பாய் பெயரில் மற்றொன்று. சுற்றியிருந்த சால்களில், அதாவது நெருக்கமான ஒற்றையறைக் குடியிருப்புகளில் வாழ்ந்த எத்தனையோ மில் குடும்பங்களின் பிள்ளைகள் இங்கேதான் கண் விழித்தார்கள்.

1981 அக்டோபரில் நான் பிறந்த அன்று, இரவு ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு சித்தப்பா வந்தாராம். "கையையும் முகத்தையும் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கு" என்று ஆச்சி குழாயடிக்கு விரட்டினாளாம். அந்தக் குழாய் எந்தப் பக்கம் இருந்தது என்று அவருக்கு உடனே பார்க்க வேண்டியிருந்தது. காவலாளியிடம் மராட்டியில் விசாரிக்கப் போனார். நான் வாசலோரம் நின்று காத்திருந்தேன்.