க்ளவுன் லோச்சுக்கு வெண்புள்ளி நோய்: இரண்டை இழந்து ஆறைக் காப்பாற்றிய அனுபவம்

எட்டு க்ளவுன் லோச் வளர்த்தேன். ஆரஞ்சு உடலில் கறுப்புப் பட்டைகள் கொண்ட தொட்டி மீன் அது. இப்போது ஆறு இருக்கின்றன. போன இரண்டையும் வெண்புள்ளி நோய் (மீனின் உடலில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் ஒட்டுண்ணி நோய்) கொல்லவில்லை, நான் ஊற்றிய மருந்து கொன்றது. வாரங்கள் கடந்தும் மனது ஆறவில்லை. இதே மீனை வைத்திருப்பவர்கள் மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பதற்காக எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

புதிய மீன் எதையும் ஐந்து மாதமாகத் தொட்டியில் விடவில்லை. அதனால் ஒட்டுண்ணி நுழைய வழியே இல்லை என்று நம்பியிருந்தேன். அது செடியோடு வந்தது. மீன்கள் நீந்திக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு கட்டு வாலிஸ்னேரியா நீர்ச்செடியைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே நட்டேன். ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு போன்ற உறை இலையிலும் வேரிலும் ஒட்டிக்கொண்டு வரும், அலசினால் போகாது என்பது அன்று எனக்குத் தெரியாது.

நான்கைந்து நாள் கழித்து மீன்கள் சரளையில் உடலைத் தேய்த்துத் தேய்த்துத் திரும்பின. இந்த மீன் ஒருக்களித்துப் படுக்கும், குகைக்குள் நெருக்கியடித்துக்கொள்ளும், ஒன்றையொன்று துரத்தும். அந்த விளையாட்டில் இதையும் சேர்த்துவிட்டேன். புள்ளி கண்ணில் படுவதற்கு முன்பே செவுளுக்குள் ஒட்டுண்ணி இருக்கும். தேய்ப்பதும், செவுள் மூடி வழக்கத்தைவிட வேகமாக அடித்துக்கொள்வதும்தான் முதல் எச்சரிக்கை. மறுநாள் காலை விளக்கைப் போட்டபோது, பெரிய மீனின் நடுக் கறுப்புப் பட்டையில் ரவை ஒட்டினாற்போல ஒரு வெள்ளைப் புள்ளி. ஆரஞ்சு நிறத்தில் தேடினால் தெரியாது, கறுப்புப் பட்டையில் தேடுங்கள். மாலைக்குள் அதே மீனில் ஒன்பது எண்ணினேன்.

மருந்து வாங்கப் போனதிலேயே ஒரு நாள் வீணானது. "வெண்புள்ளிக்கு" என்று சொன்னதும் ஒரு புட்டியை எடுத்து நீட்டினார்கள். என்ன மீன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பொடி எழுத்தைப் படித்தால் அதில் செம்பு. செம்பு நத்தையையும் இறாலையும் கொல்லும். லோச் போன்ற மீன்களுக்கும் அளவு சற்றுத் தவறினாலே ஆபத்து. திரும்பப் போய் மாற்றி, மாலக்கைட் கிரீன் என்ற சாயமும் ஃபார்மலின் என்ற கிருமிக்கொல்லித் திரவமும் கலந்த மருந்தை வாங்கி வந்தேன். "எல்லா மீனுக்கும் இதைத்தான் கொடுக்கிறோம்" என்றார் விற்றவர். க்ளவுன் லோச் எல்லா மீனையும் போன்றதன்று. சுமத்ரா, போர்னியோ ஆறுகளில் வாழும் இதன் செதில்கள் மிக நுண்ணியவை, தோலுக்குள் புதைந்தவை. செதிலே இல்லாத மீன் என்றுதான் பலரும் சொல்வார்கள். கெண்டை மீனுக்கு இருப்பதுபோல் கவசம் கிடையாது. நோயும் இதற்குத்தான் முதலில் வரும், மருந்தும் இதைத்தான் முதலில் தாக்கும்.

முதல் சுற்றில் பாதி அளவுதான் ஊற்றினேன். அதுவரை சரி. ஆனால் வடிகட்டிக்குள் கரிப் பை இருந்ததை மறந்துவிட்டேன். கரி மருந்தை உறிஞ்சிவிடும். நான் ஊற்றிய நீலப்பச்சை நிறம் இரண்டு மணி நேரத்தில் வெளுத்தபோதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் நாள் பார்த்தால் மீன்களில் ஒரு புள்ளிகூட இல்லை. மருந்து வேலை செய்துவிட்டது என்று மகிழ்ந்து நிறுத்திவிட்டேன்.

உண்மையில் நடந்தது வேறு. மீனின் மேல் நாம் பார்க்கும் புள்ளி, தோலின் மேலடுக்குக்கு அடியில் உட்கார்ந்து தின்று கொழுக்கும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும் வரை எந்தத் தொட்டி மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்து முடிந்ததும் தானே உதிர்ந்து, சரளையிலோ செடியிலோ கண்ணாடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்கிறது. அந்த உறையையும் மருந்து துளைக்காது. உள்ளே அது நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரம் வரை பிரிகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஏறத்தாழ ஒரு நாளில் உறை உடைந்து குஞ்சுகள் மீனைத் தேடி நீந்துகின்றன. இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். மருந்து கொல்வது நீந்தும் இந்தக் கூட்டத்தை மட்டுமே. நான் புள்ளி மறைந்ததைப் பார்த்துக் கொண்டாடிய அதே நாளில், சரளையில் அவை பெருகிக்கொண்டிருந்தன.

ஏழாம் நாள் எட்டு மீன்களும் உப்பைத் தூவியதுபோல் ஆகிவிட்டன. துடுப்புகளை மடக்கி, நிறம் வெளிறி, ஒரு மூலையில் கிடந்தன. அந்தப் பதற்றத்தில்தான் மன்னிக்க முடியாத தவற்றைச் செய்தேன். கரிப் பையை எடுத்தேன். பாதி அளவால்தான் பலிக்கவில்லை என்று முடிவுகட்டி, புட்டியில் போட்டிருந்த முழு அளவை ஊற்றினேன். அதையும் 180 லிட்டருக்குக் கணக்கிட்டு ஊற்றினேன்.

என் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். பெருக்கினால் 182 லிட்டர். ஆனால் அடியில் 5 சென்டிமீட்டர் சரளை, மேலே 4 சென்டிமீட்டர் காலி, உள்ளே ஒரு பெரிய மரக்கட்டை. மிஞ்சும் தண்ணீர் ஏறக்குறைய 140 லிட்டர்தான். முழு அளவே தாங்காத மீனுக்கு அதற்கும் மேல் கால் பங்குக்கு அதிகமாகக் கொடுத்திருக்கிறேன். தொட்டியின் அளவை நம்பாதீர்கள். தண்ணீரின் அளவைக் கணக்கிடுங்கள். முதல் முறை நிரப்பும்போதே வாளிக் கணக்கில் எழுதி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

இரவு பதினொரு மணிக்கு மீன்கள் தண்ணீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. ஃபார்மலின் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைக் குறைக்கும், செவுளோ ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது. உடனே பாதித் தண்ணீரை மாற்றி, கரிப் பையைத் திரும்ப வைத்து, ஏர் பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டேன். அந்த அவசர வேலைதான் ஆறு மீனைப் பிழைக்க வைத்தது. ஒன்று விடியும் முன் போய்விட்டது. இன்னொன்றையாவது தனியாக வைத்துப் பார்ப்போம் என்று வலையால் பிடித்தேன். க்ளவுன் லோச்சின் கண்ணுக்குக் கீழே மடக்கி வைத்த ஒரு முள் உண்டு. பயந்தால் கத்திபோல் வெளியே விரியும். அது வலைக் கண்ணியில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் முகம் கிழியும். ஈரத் துணியால் மீனைப் பிடித்துக்கொண்டு கத்தரிக்கோலால் வலையைக் கண்ணி கண்ணியாக வெட்டினேன். முள் விடுபட்டது. மீன் மதியம் வரை மூச்சு வாங்கிவிட்டு அடங்கியது. இந்த மீனை வலையால் பிடிக்கவே கூடாது. பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, அதற்குள் ஓட்டிப் பிடிக்க வேண்டும்.

இரண்டு நாள் எதுவும் ஊற்றவில்லை. தினமும் கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றினேன். பிறகு கரிப் பையை மறுபடி வெளியே எடுத்துவிட்டு முறையாகத் தொடங்கினேன்.

முதலில் சூடு. 26 டிகிரியிலிருந்து நாளுக்கு 2 டிகிரியாக ஏற்றி 30-ல் நிறுத்தினேன். 26 டிகிரியில் ஒட்டுண்ணியின் ஒரு சுற்று முடியக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகலாம். 30-ல் மூன்று நான்கு நாளில் முடிந்து, மருந்து தொடக்கூடிய நிலைக்கு விரைவில் வந்துவிடுகிறது. பல ஒட்டுண்ணிகளால் அந்தச் சூட்டில் பெருகவும் முடிவதில்லை. ஆனால் சூட்டைத் தாங்கும் வகையும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பவில்லை. சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை கரையும், 30-ல் 7.5 தான். அதனால் இரண்டாவது ஏர் பம்ப் ஒன்றைச் சேர்த்தேன். சூட்டை ஏற்றுகிறவர்கள் இதை விட்டுவிடவே கூடாது.

மருந்து 140 லிட்டருக்குக் கணக்கிட்டுப் பாதி அளவு, நாள் விட்டு நாள். அதையும் மொத்தமாகக் கவிழ்க்காமல் ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரில் கலந்து, காலையில் பாதி, நான்கு மணி நேரம் பார்த்துவிட்டு மீதி. ஒவ்வொரு முறையும் ஊற்றுவதற்கு முன் கால் பங்கு தண்ணீர் மாற்றம். மாலக்கைட் கிரீன் வெளிச்சத்தில் சிதைந்துவிடும் என்பதால் தொட்டி விளக்கை அணைத்தே வைத்தேன். புறஊதா விளக்கு பொருத்தியிருப்பவர்கள் அதையும் நிறுத்த வேண்டும். கையுறை கட்டாயம். ஃபார்மலின் கலந்த புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த மருந்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அந்தப் படிவு மீனுக்குக் கடும் நஞ்சு. உப்பு வைத்தியத்தையும் யோசித்தேன். செடிகளில் பல அதைத் தாங்காது, ஒரே நேரத்தில் இரண்டு வைத்தியம் பார்த்தால் எது கெடுதல் செய்கிறது என்றும் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

மருந்துக்குச் சமமாகப் பலன் தந்த வேலை ஒன்று இருக்கிறது. யாரும் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் சைஃபன் குழாயைச் சரளைக்குள் அழுத்தி அடிவரை உறிஞ்சினேன். உறை கட்டிய ஒட்டுண்ணி அங்கேதான் கிடக்கிறது. ஒன்றை வெளியேற்றினால் நூற்றுக்கணக்கான குஞ்சுகளை வெளியேற்றியதாகக் கணக்கு. மருந்து வடிகட்டியிலிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் நலிவடையச் செய்யும். நான்காம் நாள், மீன் கழிவிலிருந்து சேரும் நஞ்சான அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தொட்டது. தீனியை இரண்டு நாளுக்கு ஒரு முறை, அதுவும் சிட்டிகை அளவு என்று குறைத்ததும் இறங்கியது.

ஆறாம் நாள் கடைசிப் புள்ளி மறைந்தது. நிறுத்தவில்லை. கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து மேலும் பத்து நாள் அதே சூடு, அதே பாதி அளவு, அதே சரளைச் சுத்தம். பிறகு கரிப் பையைத் திரும்ப வைத்து, சூட்டை நாளுக்கு ஒரு டிகிரியாக இறக்கினேன். இந்த மீன்கள் தீனியைக் கண்டால் தொண்டைக்குள் "டிக், டிக்" என்று சத்தமிடும். கண்ணாடிக்கு வெளியே நன்றாகக் கேட்கும். மூன்று வாரமாகக் கேட்காத சத்தம், சூடு 28-க்கு இறங்கிய இரவில் கேட்டது. எழுந்து போய் விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

இதற்குப் பிறகு எதுவும் நேராகத் தொட்டிக்குள் போவதில்லை. மீன் என்றால் நான்கு வாரம் தனித்தொட்டி. செடியையும் மீன் இல்லாத வாளியில் தனியாக வைக்கிறேன். சிலந்திவலைபோல் வேர் படர்ந்த ஜாவா ஃபெர்ன் கட்டு ஒன்று இப்போது அப்படித்தான் ஜன்னலோரம் வாளியில் கிடக்கிறது. வைத்த தேதியை எழுதி மேலே ஒட்டியிருக்கிறேன். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.