தொடை உரசலும் கிளித்தட்டும்

எங்க அக்கா மவனுக்கு பத்து வயசு, 52 கிலோ. மே மாசம் லீவுக்கு செங்கோட்டைக்கு வந்திருந்தாங்க. ஒரு நாள் காலையில அக்கா அவன வாசல்ல நிறுத்தி பின்கழுத்துல பயத்தமாவு போட்டு தேய்ச்சிக்கிட்டிருக்கா, கருப்பா தடிச்ச பட்டை மாதிரி இருந்துச்சு, "அழுக்கு போவவே மாட்டேங்குது"ன்னு அவ தேய்க்க தேய்க்க அவன் பல்ல கடிச்சிக்கிட்டு நிக்கான். அது அழுக்கே இல்ல. இன்சுலின் ஒழுங்கா வேலை செய்யாட்டி அந்த இடத்துல தோல் தடிச்சு கருக்கும். தென்காசியில குழந்தைங்க டாக்டர்ட்ட காட்டினப்ப அவரும் அதத்தான் சொன்னாரு. உயரம் 139 செ.மீ, உயரத்துக்கு எத்தன வெயிட்டுன்னு பாக்குற பிஎம்ஐ கிட்டத்தட்ட 27 வருது, பிள்ளைங்களுக்கு பெரியவங்க கணக்க நேரா போடக்கூடாது, வயசு சார்ட்ல வச்சுதான் பாக்கணும், அப்படி பாத்தா இவனுக்கு ரொம்பவே கூடுதல். ஆனா இப்பவே கிலோவ குறைக்கணும்னு பிள்ளைய போட்டு வாட்டாதீங்க, வளர்ற பையன், வெயிட்டு மேல ஏறாம நின்னாலே உயரம் கூட கூட சரியாகும்னாரு. அத கேட்டதும் அக்கா கண்ணு கலங்கிருச்சு.

ஏன்னா பள்ளிக்கூடத்துல அவன் பட்டது அப்படி. ஓட்டப்பந்தயத்துல கடைசியா வந்தான்னு பிடி பீரியட்ல உக்கார வச்சு நோட்ட கையில கொடுத்து ஸ்கோர் எழுத சொல்லியிருக்காங்க, ஒரு வருஷம் பூரா. எந்த பிள்ளைக்கு ஓட்டம் ரொம்ப தேவையோ அதயே உக்கார வச்சா எப்படிங்க? இத நினைச்சா எனக்கு இன்னும் ஆறல.

சரி நாமளே ஆரம்பிப்போம்னு மறுநாளே குண்டாறு போற ரோட்டுல மூணு கிலோமீட்டர் நடக்க வச்சேன். மூணாவது நாள் வயிறு வலிக்குன்னான். நாலாவது நாளும் வயிறு வலி. சோம்பேறித்தனம்னு அக்கா வைய ஆரம்பிச்சிட்டா, எனக்கு மட்டும் அவன் காலை அகட்டி அகட்டி நடக்குறது உறுத்துச்சு, ராத்திரி தனியா கூப்பிட்டு கேட்டா டவுசர தூக்கி காட்டுதான், ரெண்டு தொடையும் உள்பக்கம் உரசி செக்கச்செவேல்னு தோல் உரிஞ்சு கெடக்கு. பத்து வயசு பையன் இத வெக்கப்பட்டுக்கிட்டு யார்ட்டயும் சொல்லல. நாலு நாள் நடையே வேண்டாம்னு விட்டு ஆறவச்சோம். அப்புறம் தொடைய இறுக்கி பிடிக்கிற நீளமான சைக்கிளிங் ஷார்ட்ஸ் ஒன்னு வாங்கி டவுசருக்கு உள்ள போட்டு, கெளம்புறதுக்கு முன்னாடி தேங்காயெண்ணெய் தடவி விட்டோம். அதுக்கப்புறம் வயிறு வலி வரவே இல்ல.

5லருந்து 17 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு சராசரியா 60 நிமிஷம் ஓடி ஆடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த அறுபத மொத நாளே தலையில ஏத்துனதுதான் நான் செஞ்ச தப்பு. அதனால காலையில பத்து நிமிஷம், வெயில் தாழ பத்து நிமிஷம்னு மாத்தினேன், வாரத்துக்கு அஞ்சஞ்சு நிமிஷம் கூட்டினோம். மொபைல் கேம் கதைய சொல்லிக்கிட்டே வருவான், பேச்சு துண்டு துண்டா வந்தா நான் மெதுவா நடப்பேன், அவனும் தானா மெதுவா வருவான். இன்னும் கொஞ்ச தூரம் போலாம் மாமான்னு கேக்கும்போதே திரும்பிருவேன். அடுத்த நாள் வரணும்ல, அதுக்குத்தான்.

வெயிட்டு போடுற மிஷின பரண்ல தூக்கி போட்டாச்சு. தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளுக்கு பின்னாடி எத்தன நிமிஷம்னு அவனே எழுதி வைக்கான்.

மூணாவது வாரம் பலத்துக்கானத சேத்தேன். திண்ணையில உக்காந்து முட்டிய கையால பிடிக்காம எந்திரிக்கணும், அஞ்சு தடவை. செவுத்துல கை ஊனி தள்ளணும், அஞ்சு தடவை. அடிபம்புலருந்து அரைக்குடம் தண்ணி. இங்கதான் பையன் ஆளே மாறிட்டான், ஏன்னா ஓட்டத்துலதான் இந்த மாதிரி பிள்ளைங்க பிந்துவாங்களே தவிர பலத்துல முந்தி நிப்பாங்க. தெருவுல பயலுவ வடம் இழுக்குறப்ப இவன் நிக்கிற பக்கம் நகரவே நகராது. அதுலருந்து பயலுவளே சாயங்காலம் வாசல்ல வந்து கூப்பிடுதாங்க, கிளித்தட்டுக்கு. கோட்டுல நின்னு மறிக்கிற வேலை இவனுக்கு, பக்கவாட்டுல நாலு எட்டு ஓட்டம், அப்புறம் நிப்பு, திரும்ப ஓட்டம். பிள்ளைங்க உடம்புக்கு இந்த விட்டு விட்டு ஓடுறதுதான் ஒத்துவரும், அரைமணி நேரம் ஒரே சீரா ஓடுறதெல்லாம் பெரியவங்க பழக்கம்.

ஒன்னு மட்டும் கவனமா இருங்க. இடுப்போ முட்டியோ வலிச்சு பிள்ளை நொண்டி நடந்தா, சுளுக்குன்னு தைலம் தேய்ச்சு விட்டுராதீங்க, வெயிட்டான பிள்ளைங்களுக்கு தொடை எலும்போட தலை இடுப்புல நழுவ வாய்ப்பு உண்டு, வலி முட்டியில மட்டும்கூட தெரியும். நடக்க விடாம உடனே டாக்டர்ட்ட தூக்கிட்டு போயிரணும். மயக்கம், நெஞ்சு வலின்னாலும் அப்படித்தான்.

சாப்பாட்டுல பெருசா ஒன்னும் தடுக்கல, பிரானூர் பார்டர் பரோட்டா மாசம் ஒரு தடவை உண்டு, பாட்டில் கூல்டிரிங்க்ஸ மட்டும் வீட்டுக்குள்ள வாங்குறதில்ல.

லீவு முடிஞ்சு அக்கா ஊருக்கு போகாம இங்கேயே ஸ்கூல் மாத்திட்டா. இப்ப சாரல் விழுது, இது எட்டாவது வாரம், நடையும் விளையாட்டுமா ஒரு நாளைக்கு 45 நிமிஷம் வந்திருக்கு. அடுத்து சைக்கிள் கேக்கான். என் பழைய சைக்கிள்ல சீட்டு கீழ இருக்கு, முட்டி ரொம்ப மடங்கி மிதிச்சா வலிக்கும், நாளைக்கு அவனையும் கூட்டிட்டு போயி சீட்ட ஏத்தி பிரேக் கட்டையும் மாத்தணும்.