கடவுச்சொல்லை எந்த முறையில் சரிபார்ப்பது?

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் காவடிப் பதிவுகளும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் ஓடும் ஒரு சர்வரில் இருக்கின்றன. யார், எந்த முறையில் உள்ளே வரலாம் என்று சொல்லும் அதன் அனுமதிக் கோப்பில், எம்டி5 என்ற பழைய சரிபார்ப்பு முறையைக் குறிக்கும் வரிகள் அப்படியே கிடப்பதைத் தைப்பூசத்துக்கு முன்பு கண்டபோது பதறிப்போனேன்.

எம்டி5 முறையில் சேமிக்கப்படுவது கடவுச்சொல்லையும் பயனர் பெயரையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு சுருக்கம் (ஹாஷ்); அது களவு போனால், திருடியவர் கடவுச்சொல்லே தெரியாமல் அந்தச் சுருக்கத்தைக் கொண்டே உள்ளே நுழைந்துவிடலாம். 2017இல் போஸ்ட்கிரெஸின் 10ஆம் பதிப்பில் வந்த ஸ்கிராம்-எஸ்எச்ஏ-256 முறையிலோ, ஒவ்வொரு கடவுச்சொல்லும் தனித்தனி உப்புடன் (கூடவே கலக்கும் தற்செயலான எழுத்துகளுடன்), இயல்பாக 4096 சுற்றுகள் கணக்கிடப்பட்டுச் சேமிக்கப்படுகிறது; சேமிப்பைத் திருடியவர் அதை அப்படியே காட்டி நுழையவும் இயலாது. கடவுச்சொல்லை வெறும் எழுத்தாகவே அனுப்பும் முறையை, இணைப்பை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் இல்லாத இடத்தில் நினைத்தும் பார்க்கக் கூடாது.

பழைய சுருக்கத்தைப் புதியதாக மாற்ற வழியில்லை. ஒவ்வொருவரும் கடவுச்சொல்லை மீண்டும் அமைத்தே ஆக வேண்டும். நல்லவேளையாக, கோப்பில் எம்டி5 என்றிருந்தாலும், புதிய வகையில் சேமித்தவர்களுக்குச் சர்வர் தானாகவே ஸ்கிராமைப் பயன்படுத்துகிறது. எனவே பொருளாளர் அக்காவிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரையும் அருகில் அமர்த்தி மாற்றச் சொன்னேன்; கடைசிப் பெயரும் மாறிய பிறகே அந்த வரிகளைத் திருத்தினேன்.